தறப்பாள்: நிறத்தை விடுங்கள், நிறையைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்தால் மட்டக்களப்பு, கல்முனைப் பக்க இரும்புக்கடை வாசல்களில் தறப்பாள் அடுக்கு ஏறத் தொடங்கிவிடும். நீலம், பச்சை, வெள்ளி என்று நிறம் மாறுமே தவிர, பெரும்பாலும் ஒரே பொருள்தான்: பொலித்தீன் இழையில் நெய்து, இரு பக்கமும் பொலித்தீன் பூசியது. வித்தியாசம் தடிப்பில் இருக்கிறது. கேட்டால் "நல்ல தடிப்பு" என்றுதான் சொல்வார்கள். தராசில் வைக்கச் சொல்லுங்கள். 12க்கு 18 அடித் தறப்பாள் ஏறத்தாழ 20 சதுர மீற்றர். 4 கிலோ நின்றால் சதுர மீற்றருக்கு 200 கிராம், உடைந்த கூரைக்குத் தாங்கும். 2 கிலோவுக்குக் கீழே நின்றால் 100 கிராமும் இல்லை. விறகு மூடலாம், அவ்வளவுதான்.

அடுத்தது கண்கள், அதாவது கயிறு கட்ட ஓரத்தில் பதித்திருக்கும் உலோக வளையங்கள். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, கடற்காற்றில் சீக்கிரம் கறள் பிடிக்கும். ஓர மடிப்புக்குள் கயிறு ஓடுகிறதா என்று விரலால் தடவுங்கள். இல்லையென்றால் பெருங்காற்றில் கண் மட்டும் கயிற்றில் தொங்கும், தறப்பாள் பக்கத்து வளவில் கிடக்கும். கண் பிய்ந்தால் புது ஓட்டை போடக் கூடாது. உருண்டைக் கல்லொன்றைத் தறப்பாளுக்குள் பொதிந்து, அதன் கழுத்தில் நைலோன் கயிற்றை இறுக்கினால் கண்ணைவிட உறுதி.

கூரையில் போடும்போது முகட்டைத் தாண்டி மறுபக்கம் 3 அடியாவது இறங்க வேண்டும். மேல் ஓரம் திறந்திருந்தால் தண்ணீர் அடியால் ஓடும். ஓரத்தை றீப்பையில் (மெல்லிய மரச் சட்டத்தில்) இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு ஆணி அடியுங்கள். வெறும் தறப்பாளில் அடித்த ஆணி அந்த இடத்திலிருந்தே கிழிக்கும். தொய்வு விடாதீர்கள்: ஒரு சதுர மீற்றரில் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினால் 50 கிலோ. தொய்ந்தது காற்றில் படபடத்தே கிழியும்.

1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கியது போன்றதொரு சூறாவளியை இது தடுக்காது. காற்று ஓய்ந்த பிறகுதான் இதற்கு வேலை. அதுவரை வெள்ளம் எட்டாத உயரத்தில், காய்ந்தபடி மடித்து வையுங்கள்.

இதன் பெரிய குறை வெயில். மாசி, பங்குனியில் நெல் காயப்போட்ட அதே தறப்பாளைக் கார்த்திகையில் கூரைக்கு ஏற்றுகிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்ற பொருளில் 'யூ.வி.' என்று அச்சடித்திருப்பதைக் கடையில் நின்று சோதிக்க வழியில்லை. வெயில் தின்றதை வீட்டில் கண்டுபிடிக்கலாம்: மடிப்புக் கோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிக்கண்கள் தெரியும், நகத்தால் சுரண்டினால் மாவாக வரும். அந்தக் கட்டத்துக்கு வந்ததை வெளியே விட்டால் நார் நாராகப் பிரிந்து வாய்க்கால் வழியே வாவிக்குப் போய்க் கண்டல் வேரில் சுற்றிக்கொள்ளும். எரிக்கவும் வேண்டாம்.

வாங்கும்போது விலையைக் கிலோவால் பிரித்துப் பாருங்கள். மலிவு என்று தோன்றிய மெல்லியது பல தடவை தடிப்பானதோடு சரிக்குச் சரி வரும். கூரைக்கென்று வாங்கியதன் மூலையில் பெயின்ரால் ஒரு அடையாளம் போட்டுவிட்டால், அறுவடை அவசரத்தில் யாரும் அதை இழுத்துக்கொண்டு களத்துக்குப் போகமாட்டார்கள்.