ஓ.டி.பி.யா, ஆப்பா, செக்யூரிட்டி கீயா: ஊழியர் ஏமாந்தாலும் எது தாங்கும்?

2022 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ட்விலியோ, கிளவுட்ஃப்ளேர் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வலை விரித்தார்கள். ஊழியர்களின் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வரும். அதிலிருக்கும் லிங்க்கைத் தொட்டால், நிறுவனத்தின் லாகின் பக்கத்தை அப்படியே உரித்துவைத்தது போல ஒரு போலிப் பக்கம். இரண்டு இடத்திலும் சிலர் ஏமாந்தார்கள். ட்விலியோவில் திருடர்கள் வாடிக்கையாளர் தரவு வரை போய்விட்டார்கள். கிளவுட்ஃப்ளேரில் மூன்று பேர் பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்தும் உள்ளே நுழைய முடியவில்லை. காரணம், அங்கே எல்லா ஊழியருக்கும் செக்யூரிட்டி கீ (லாகின் செய்யக் கணினியில் செருகும் சிறு கருவி) கட்டாயம்.

எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யின் பெரிய பலம், யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலவீனமும் தெரிந்ததுதான்: சிம் ஸ்வாப் செய்துவிட்டால், அதாவது உங்கள் போன் எண்ணைத் திருடன் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால், எண்ணோடு ஓ.டி.பி.யும் திருடன் கைக்குப் போய்விடும். வேறு வழியே இல்லாத இடத்தில் இருக்கட்டும்.

லாகினுக்கான எண்ணைப் போனிலேயே உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் அந்த சிம் தொல்லை இல்லை. ஆனால் பலரும் நினைப்பது போல போலிப் பக்கம் காட்டி ஏமாற்றும் ஃபிஷிங்குக்கு இது மருந்தில்லை. போலிப் பக்கம் முதலில் பாஸ்வேர்டைக் கேட்கும், அடுத்து ஆறு இலக்க எண்ணைக் கேட்கும். நீங்கள் தட்டிய அதே நிமிடத்தில் திருடன் அதை உண்மையான தளத்தில் தட்டிவிடுவான். எண்ணுக்குப் பதில் ‘அனுமதி’ பட்டன் வரும் வகையில் வேறொரு சங்கடம். 2022 செப்டம்பரில் ஊபருக்காக ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு லாகின் கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுவிட்டார். திரையில் தெரியும் எண்ணை ஆப்பில் தட்டச் சொல்லும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே முதல் தன் ஆப்பில் கட்டாயமாக்கியது. இது உதவும், ஆனாலும் கடைசித் தீர்ப்பு மனிதர் கையில்தான்.

செக்யூரிட்டி கீயும், அதே வேலையைப் போனிலேயே செய்யும் பாஸ்கீயும் அந்தத் தீர்ப்பை மனிதரிடமிருந்து வாங்கிவிடுகின்றன. பதிவு செய்யும்போதே சாவி அந்தத் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்படுகிறது. லாகின் செய்யும்போது, எந்த முகவரியில் இருக்கிறோம் என்பதை பிரவுசரே சாவிக்குச் சொல்கிறது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சாவி அசையாது. ஊழியர் போலிப் பக்கத்தை முழுசாக நம்பினாலும், தட்டிக் கொடுக்க அவரிடம் எண் என்று எதுவுமே இல்லை! வருஷத்துக்கு ஒரு முறை பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு ‘எச்சரிக்கையாக இருங்கள்’ என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. கீ காசு கேட்கும், தொலையும். அதனால் ஆளுக்கு இரண்டு வேண்டும். பாஸ்கீ போனிலேயே இருப்பதால் அந்தச் செலவு குறைவு. ஆனால் ஊழியரின் சொந்த கிளவுட் கணக்கில் அது சிங்க் ஆவதை ஏற்பதா என்று நிறுவனம் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கணினியில் புகுந்த மால்வேர் லாகினான பிறகு குக்கியை (லாகின் ஆனதற்கு பிரவுசர் வைத்திருக்கும் அடையாளச் சீட்டை) திருடினால் இரண்டுமே உதவாது. எல்லாவற்றையும்விட வம்பு, ‘கீ தொலைந்துவிட்டது, ரீசெட் செய்யுங்கள்’ என்று ஹெல்ப் டெஸ்க்குக்கு வரும் போன். அங்கே குரலை நம்பித் திறந்துவிட்டால் கீ வாங்கிய காசு தண்டம்.

எல்லோருக்கும் ஒரே நாளில் மாற்ற முடியாவிட்டால் அட்மின் கணக்குகள், பணம் அனுப்புகிறவர்கள், ஹெல்ப் டெஸ்க் ஆட்கள் என்று இந்த வரிசையில் கீ கொடுக்கலாம். மற்றவர்களுக்கு அதுவரை, திரையில் தெரியும் எண்ணைத் தட்டச் சொல்லும் ஆப் போதும். அப்புறம் முக்கியமாக, கீ கொடுத்த கணக்கில் பழைய எஸ்.எம்.எஸ். வழியை மூடிவிடுங்கள். அது திறந்திருந்தால் திருடன் அந்த வழியாகத்தான் வருவான்.