கேட்டோவா, டோமிக்ஸா? மும்பை ஃபிளாட்டுக்கு எந்தத் தண்டவாளம்

கேட்டோவும் டோமிக்ஸும் மாதிரி ரயில், அதற்கான தண்டவாளம் விற்கும் ஜப்பானிய பிராண்டுகள். மாட்டுங்கா, செம்பூர் ஃபிளாட்டுகளில் 90×60 செ.மீ. பலகைக்கு மேல் இடம் கிடைப்பது அபூர்வம். இரண்டு பிராண்டுக்கும் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்) 9 மி.மீ.தான், ஆனால் இணைப்புகள் நேரடியாகப் பொருந்தாது. ஒன்றை முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

கேட்டோவின் தண்டவாள வரிசையான யூனிட்ராக்கின் பலம் அதன் இணைப்பான். அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். தினமும் விரித்துச் சுருட்டுபவர்களுக்கு இதுவே சரி. நேர்த்துண்டு 248 மி.மீ., இரட்டைப் பாதை இடைவெளி 33 மி.மீ. 249, 282 மி.மீ. ஆர வளைவுகளில் இரட்டை வட்டம் 60 செ.மீ. பலகையில் மயிரிழையில் அடங்கும். ஷின்கான்சென் (புல்லட் ரயில்) ஓட்ட 315 மி.மீ. ஆரம் இருந்தால் நல்லது, ஆனால், பலகை 70 செ.மீ. அகலமாகிவிடும். 4-ஆம் எண் பாயின்டில் (பாதை பிரியும் துண்டு) நகரும் நாக்கு சரியாக ஒட்டாமல் வண்டி தடம் புரள்வதுண்டு. இடமிருந்தால் 6-ஆம் எண் பாயின்டை வாங்குங்கள்.

டோமிக்ஸின் தண்டவாள வரிசையான ஃபைன் ட்ராக்கில் நேர்த்துண்டு 280, இடைவெளி 37. ஜப்பானிய நகரத் தெரு அமைக்க இதுதான் என் தேர்வு: 103, 140 மி.மீ. வளைவுகளில் டிராம் திரும்பும், மேம்பாலத் துண்டுகளும் ஏராளம். 20 மீட்டர் பெட்டியை (1:150 அளவில் சுருக்கினால் 133 மி.மீ.) அந்த வளைவில் விடாதீர்கள், கழன்றுவிடும்.

எதுவானாலும், ஜப்பான் பவர் பேக்கின் (வண்டிக்கு மின்சாரம் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) அடாப்டரில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230-இல் நேராகச் செருகாதீர்கள்; ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மழைக்காலத்தில் தண்டவாளம் அழுக்கேறி வண்டி திக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள், உப்புத்தாள் வேண்டாம்: கீறலில்தான் அடுத்த அழுக்கு ஒட்டும்.