மூன்று வருஷமாகக் கூடவே இருக்கும் முகக்கவரியும் காற்று மீட்டரும்

2022 மார்ச்சில் எனக்குக் கோவிட் வந்தது. ஐந்து நாள் காய்ச்சல், அப்புறம் நெகட்டிவ், சரி முடிந்தது என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பினேன். முடியவில்லை. ஒரு நாள் வீட்டைப் பெருக்கித் துடைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையை விட்டு எழ முடியாது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகும். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாக இருக்கிறது, மனசைத் தளரவிடாதீர்கள் என்றார்கள். நடந்தால் தெம்பு வரும் என்று அக்கா சொல்லி, தித்திவங்சா ஏரியைத் தினமும் சுற்றினேன். இரண்டே வாரத்தில் குளிக்கவும் நாற்காலி தேவைப்பட்டது. தொற்று வந்து மூன்று மாதமாகியும் இருக்கிற, இரண்டு மாதமாவது நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே 'நீண்டகாலக் கோவிட்' (லாங் கோவிட்) என்கிற இதற்கு வரையறை தந்திருப்பதைப் படித்த அன்றுதான், இது என் சோம்பேறித்தனம் இல்லை என்று நிம்மதியாக அழுதேன்.

மறுபடி தொற்று வந்தால் தாங்க மாட்டேன் என்றுதான் இவற்றை வாங்கினேன்.

முதலில் என்95 வகை முகக்கவரி. காதில் மாட்டுவதை விட்டுவிட்டுத் தலையைச் சுற்றிப் பட்டை போடுவதற்கு மாறியதுதான் பெரிய வித்தியாசம். 95 சதவீதம் வடிகட்டும் என்பதெல்லாம் ஓரத்தில் காற்று கசியாதவரைதான். கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குக் கம்பி சரியாக அழுந்தவில்லை என்று அர்த்தம். துவைக்கவே கூடாது, சோப்பும் ஆல்கஹாலும் பட்டால் துகள்களை இழுத்துப் பிடிக்கும் மின்னேற்றம் போய்விடும். நான் ஐந்தைக் காகிதப் பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன், பட்டை தளர்ந்தால் வீசிவிடுவேன். 2023 ஜூலையில் ரயில், பஸ்ஸிலும் கட்டாயமில்லை என்றான பிறகு, எல்.ஆர்.டி. ரயிலில் பல நாள் நான் ஒருத்திதான் போட்டிருப்பேன். பழகிவிட்டது.

காசுக்கு அதிகம் பயன்பட்டது கரியமிலவாயு மீட்டர்தான். நாம் மூச்சில் விடும் வாயு அது, எண் ஏறினால் மற்றவர்கள் விட்ட காற்று அறையில் தேங்குகிறது என்று அர்த்தம். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) சொச்சம் காட்டும். படுக்கையறையைச் சாத்தி ஏர்கோன் போட்டு இரண்டு பேர் தூங்கினால் விடியும்போது 2,000-ஐத் தாண்டியிருக்கும், ஏனென்றால் வீட்டு ஏர்கோன் உள்ளே இருக்கும் காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஒரு சாண் ஜன்னலைத் திறந்தால் மளமளவென இறங்கும். காற்றைச் சுத்தமாக்கும் ஹெப்பா வடிகட்டி ஓடினாலும் இந்த எண் குறையாது, அது கிருமி ஒட்டிய துகள்களைப் பிடிக்கிறதே தவிர வாயுவை அல்ல. இது புரியாமல் வடிகட்டி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனேன். புகைமூட்ட நாளில் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும்போது அது இல்லாமல் முடியாது.

குறையும் சொல்ல வேண்டும். 2023 கடைசியில் ஒரு கல்யாண விருந்தில் சாப்பிட முகக்கவரியைக் கழற்றினேன், அடைத்த மண்டபம், மீட்டரை எடுத்துப் பார்க்கவில்லை. மறுபடி தொற்று வந்தது, அது எட்டு மாதத்தைத் தின்றது. இப்போது அரை நாள் வேலைதான் முடிகிறது, களைப்பு வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுகிறேன்.

இந்தத் தீபாவளிக்கு அம்மா தானாகவே ஹால் ஜன்னலையெல்லாம் திறந்து, ஒரு விசிறியை வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். "எவ்வளவு காட்டுது பாரும்மா" என்றார். பதினைந்து பேர் இருந்தும் 650. உட்கார்ந்து சாப்பிட்டேன்.