பழைய லைட் ஜெட் வாங்கப்போகிறவருக்கு: சிஜே3, ஃபீனம் 300, ஹாக்கர் 400எக்ஸ்பி

அமெரிக்கச் சந்தையில் பழைய லைட் ஜெட் (சிறிய தனியார் ஜெட் விமானம்) தேடுகிறவர்களின் பட்டியலில் அடிக்கடி மிஞ்சுபவை மூன்று: செஸ்னா சைட்டேஷன் சிஜே3, எம்ப்ரேயர் ஃபீனம் 300, ஹாக்கர் 400எக்ஸ்பி. கேட்கும் விலையில் ஹாக்கர் அடியில், சிஜே3 நடுவில், ஃபீனம் உச்சியில். அந்த வரிசையை நம்பி முடிவெடுத்தால் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்த வகை விமானத்தில் பாதிக் கதை இன்ஜினில் இருக்கிறது.

சிஜே3-இல் இருப்பவை வில்லியம்ஸ் எஃப்ஜே44-3ஏ, ஒவ்வொன்றும் 2,820 பவுண்டு உந்துவிசை. 2,000 மணிநேரத்தில் இன்ஜினின் சூடான உட்பகுதியைச் சோதிக்கும் ஹாட் செக்‌ஷன், 4,000-இல் ஓவர்ஹால், அதாவது முழுதும் பிரித்துப் புதுப்பித்தல். ஃபீனத்தின் பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ535இ 3,360 பவுண்டு; ஓவர்ஹால் 5,000 மணிநேரத்தில். ஹாக்கரின் ஜேடி15டி-5 பழைய வடிவமைப்பு, 2,965 பவுண்டு. 1,800-இல் ஹாட் செக்‌ஷன், 3,600-இல் ஓவர்ஹால். மூன்றில் அதிக எரிபொருள் குடிப்பதும், சீக்கிரம் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதும் ஹாக்கர்தான்.

விளம்பரத்தில் 'இன்ஜின்கள் புரோகிராமில் உள்ளன' என்று ஒரு வரி இருக்கும். அதாவது, பறந்த ஒவ்வொரு மணிநேரத்துக்கும் உரிமையாளர் கட்டணம் செலுத்தி வருகிறார், ஓவர்ஹால் செலவு அதிலிருந்து போகும். வில்லியம்ஸில் அதன் பெயர் டேப், பிராட் அண்ட் விட்னியில் ஈஎஸ்பி. அந்த வரியோடு நின்றுவிடக் கூடாது. டேப் எலைட்டா, டேப் புளூவா? இரண்டும் ஏற்கும் வேலைகள் ஒன்றல்ல. பாக்கி ஏதும் உண்டா? கணக்கு புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா, மாற்றக் கட்டணம் யார் தலையில்? இதற்கெல்லாம் பதில் புரோகிராம் நடத்தும் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வர வேண்டும், புரோக்கர் வாயால் அல்ல.

புரோகிராம் இல்லாத விமானத்துக்குக் கணக்கு எளிது. பிடபிள்யூ535இ 3,500 மணிநேரம் ஓடியிருந்தால் ஆயுளில் 70 சதவீதம் தீர்ந்துவிட்டது. ஓர் ஓவர்ஹாலுக்கு எழுத்தில் விலை வாங்குங்கள், அதில் 70 சதவீதத்தை இரண்டால் பெருக்கிக் கேட்கும் விலையில் கழியுங்கள். இந்தக் கழிப்புக்குப் பிறகு 'மலிவான' விமானங்கள் பல மலிவாக இருப்பதில்லை. பிறகு புரோகிராமில் சேர்ந்துகொள்ளலாம் என்றால், ஏற்கெனவே ஓடிய மணிநேரங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள்.

தூரமும் எடையும்

புரோஷர் தூரம்: சிஜே3 சுமார் 1,875 கடல் மைல், ஃபீனம் ஆறு பேருடன் 1,971, ஹாக்கர் நான்கு பேருடன் 1,350 அளவில். எல்லாம் காற்றில்லாத நாளுக்கானது. நியூயார்க்கிலிருந்து டல்லாஸ் ஏறக்குறைய 1,200 கடல் மைல். குளிர்காலத்தில் மேற்கு நோக்கிப் போகும்போது 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) எதிர்க்காற்று அடித்தால், 430 நாட்டில் பறக்கும் விமானம் தரையைக் கடப்பது 330 நாட்டில். அந்த 1,200 காற்றில் 1,560-ஐத் தாண்டிவிடும். ஹாக்கர் வழியில் இறங்கி எரிபொருள் போட வேண்டும். ஃபீனம் நேராகப் போகும். சிஜே3-உம் போகும், கொஞ்சம் மெதுவாக: அதன் உச்ச வேகம் 416 நாட், ஃபீனத்துக்கு 453.

எடைக் கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். சிஜே3-இன் அதிகபட்ச ராம்ப் எடை (எரிபொருளும் ஆட்களும் ஏறித் தரையில் நிற்கும்போது) 14,070 பவுண்டு, முழு டேங்க் 4,710. மிச்சம் 9,360. பைலட்டோடு விமானம் மட்டும் 8,500 என்று வைத்தால், ஆட்களுக்கும் பெட்டிக்கும் 860 பவுண்டுதான். நான்கு பெரியவர்கள், கைப்பைகள், அதோடு சரி. ஃபீனத்தில் 18,078-இலிருந்து 5,353 போக 12,725. விமானம் 11,600 என்றால் 1,100-க்கு மேல் தேறும். விமானத்துக்கு விமானம் இது மாறும். உள்ளலங்காரம் மாற்றியபோது கூடிய எடை பழைய சான்றில் இருக்காது, கடைசியாக எடை போட்ட தாளைக் கேளுங்கள்.

கேபினில் ஃபீனம் அகலம், பெட்டி வைக்க இடமும் அதில்தான் அதிகம். ஹாக்கரின் தட்டையான தரையை உட்கார்ந்து பார்த்தவர்கள் பாராட்டிச் சொல்வார்கள், நியாயம்தான்.

ஓட்டுகிறவர் யார்

உரிமையாளரே ஓட்டுவதாக இருந்தால் ஹாக்கரை மறந்துவிடலாம், அதற்கு இரண்டு பைலட் வேண்டும். மற்ற இரண்டும் ஒற்றை பைலட் சான்று பெற்றவை. ஆனால் சான்று ஒன்று, இன்ஷூரன்ஸ் இன்னொன்று. ஜெட்டுக்குப் புதிதானவருக்குப் பக்கத்தில் அனுபவமுள்ள பைலட் குறிப்பிட்ட மணிநேரம் உட்கார வேண்டும் என்று பாலிசியிலேயே எழுதிவிடுவார்கள். சிஜே குடும்பம் முழுவதற்கும் ஒரே டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதிச் சான்று) என்பதால், மாற்று பைலட் கிடைப்பதில் சிஜே3 முந்தும்.

ஃபீனத்தின் பிரேக் மின்கட்டுப்பாட்டில் இயங்குவது. பெடலில் கால் உணர்வு குறைவு. புதியவர்கள் அழுத்திவிட்டு டயரைத் தேய்க்கிறார்கள். அவசர பிரேக் நெம்புகோலை இழுத்தால் ஆன்டி-ஸ்கிட் வேலை செய்யாது, சக்கரம் பூட்டிக்கொண்டு டயர் வெடிக்கலாம். பனிக்காப்பை இயக்கினால் இறங்கும் வேகமும் கூடும், ஓடுபாதைத் தேவையும் கூடும். சிஜே3, ஃபீனம் இரண்டிலும் ரிவர்ஸர் (இறங்கியபின் இன்ஜின் விசையை முன்புறம் திருப்பி வேகம் குறைக்கும் அமைப்பு) கிடையாது, ஹாக்கரில் உண்டு. ஹாக்கருக்கு வேறு சரித்திரம்: இதன் முன்னோடி பீச்ஜெட் 400ஏ-இல் 2004 முதல் 2006 வரை அதிக உயரத்தில் இரண்டு இன்ஜினும் ஒருசேர அணைந்த சம்பவங்கள் நடந்தன. விசாரணை பனிப்படிகங்களைச் சுட்டியது. மழைமேகத்தின் அருகே மேலே பறக்கும்போது, இன்ஜின் விசையைக் குறைப்பதற்கு முன்பே இன்ஜின் பனிக்காப்பை இயக்கும் பழக்கம் உங்கள் பைலட்டுக்கு இருக்க வேண்டும்.

காக்பிட்டில் சிஜே3-க்கு காலின்ஸ் புரோ லைன் 21, ஃபீனத்துக்கு கார்மின் ஜி1000 அடிப்படையிலான புராடிஜி, ஹாக்கருக்கு பழைய டிவி போன்ற குழாய்த்திரை கொண்ட புரோ லைன் 4. குழாய்த்திரை பழுதானால் உதிரி தேடி அலைய வேண்டும். கார்மின் ஜி5000 மாற்றம் ஏற்கெனவே செய்த ஹாக்கர் கிடைத்தால் அதை மட்டும் பாருங்கள்.

வாங்கும் முன் சோதனை

முன்பணம் எஸ்க்ரோவில், அதாவது நடுநிலையான மூன்றாம் தரப்பின் கணக்கில், இருக்கட்டும். சோதனையை விற்பவரின் வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் வைக்காதீர்கள், தன் வேலையைத் தானே குறை சொல்லும் மெக்கானிக் அபூர்வம். பறக்கும் தகுதியைப் பாதிக்கும் குறைகள் விற்பவர் செலவு, அழகு சார்ந்தவை வாங்குபவர் செலவு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால், பேனலைத் திறந்தபின் கண்ட குறையால் விமானம் தரையில் நிற்கும், ஹேங்கர் வாடகை ஏறும், சண்டை தொடங்கும்.

பார்க்க வேண்டியவை: இரண்டு இன்ஜினுக்கும் போரோஸ்கோப் (உள்ளே நுழைத்துப் பார்க்கும் கேமரா) சோதனை, முழு விசையில் டர்பைன் வெப்பம் எல்லைக்குள் எவ்வளவு இடைவெளியோடு நிற்கிறது என்ற பதிவு, கழிவறைத் தரைக்கு அடியிலும் பேட்டரி அறையிலும் துரு. புளோரிடா போன்ற கடலோரத்தில் நின்ற விமானத்தில் இவை முதலில். இன்ஜினில் பொறித்த வரிசை எண்ணும் லாக்புக் எண்ணும் ஒன்றா? வாடகை இன்ஜின் மாட்டிய விமானமும் விற்பனைக்கு வரும். குறைந்த மணிநேரம் என்று மயங்க வேண்டாம். ஆண்டுக்கு 60 மணிநேரம் பறந்ததில் சீல்கள் காய்ந்திருக்கும்; மாதக் கணக்கில் வரும் பெரிய இன்ஸ்பெக்‌ஷன்கள் மணிநேரத்தைப் பார்த்து வருவதில்லை. ஃபிராக்‌ஷனல் நிறுவனங்களிலிருந்து (ஒரு விமானத்தைப் பலருக்குப் பங்குபோட்டு விற்பவை) வரும் ஃபீனங்களில் மணிநேரமும் இறங்கு எண்ணிக்கையும் எகிறியிருக்கும், ஆவணம் மட்டும் ஒழுங்காக இருக்கும். விலை அதற்கேற்பக் குறைந்தால் எங்கள் கண்ணில் அவை ஒதுக்க வேண்டியவை அல்ல.

எங்கள் கணிப்பு: தானே ஓட்டுகிறவர், இரண்டு மூன்று பேர் பயணம் என்றால் சிஜே3. ஊழியப் பைலட், ஐந்தாறு பேர், நீண்ட தூரம் என்றால் ஃபீனம். ஆண்டில் கொஞ்சமே பறந்து, முதலீட்டை முடக்க விரும்பாதவருக்கு, புரோகிராமில் உள்ள ஹாக்கர் மட்டும்.

பெயர் மாற்றமும் நிர்வாகமும்

ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்தில் விமானத்தின் மீதான கடன் பதிவைத் தேடினால் மட்டும் போதாது. விமானங்கள் மீதான கடன் உரிமைகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான கேப் டவுன் உடன்படிக்கை, 1,750 பவுண்டு உந்துவிசையோ அதற்கு மேலோ உள்ள ஜெட் இன்ஜினைத் தனிச் சொத்தாகக் கொள்கிறது. மூன்று விமானங்களின் இன்ஜினும் அதில் சேரும். ஆகவே சர்வதேசப் பதிவேட்டில் உடலுக்கு ஒன்று, இன்ஜின்களுக்கு இரண்டு என மூன்று தேடல்கள்.

விமானத்தை வைத்திருக்கவும் ஓட்டவும் மட்டும் ஒரு எல்எல்சி (வரையறுத்த பொறுப்பு நிறுவனம்) தொடங்கி, தாய் நிறுவனத்திடம் அது பயணச்செலவை வசூலிப்பது வழக்கறிஞர்களே சில சமயம் விழும் குழி. எஃப்ஏஏ கண்ணில் அது சான்றில்லாத வணிகப் பறத்தல். சார்ட்டர் (வாடகைக்குப் பறத்தல்) வருமானம் வேண்டுமென்றால் அதற்கான எஃப்ஏஏ பகுதி 135 சான்றுள்ள நிர்வாக நிறுவனத்திடம் விமானத்தைச் சேர்க்க வேண்டும், அதன் தகுதிச் சோதனைக்குத் தனிச் செலவு. வெறுமனே நண்பர் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க எஃப்ஏஏ விதி 91.501-இன்கீழ் டைம் ஷேரிங் (பைலட்டோடு விமானத்தைக் குத்தகைக்கு விடுதல்) உண்டு: எரிபொருள் செலவு, அதே அளவு கூடுதல் தொகை, இறங்கு கட்டணம், வெளியூர் ஹேங்கர், அந்தப் பயணத்துக்கான இன்ஷூரன்ஸ், பைலட்டின் தங்கும் செலவு என்று வசூலிக்கக்கூடியவை விதியிலேயே எண்ணி எழுதப்பட்டுள்ளன. பைலட் சம்பளமும் இன்ஜின் புரோகிராமின் மணிநேரக் கட்டணமும் அதில் இல்லை.