பல்கலைக்கழக உதைபந்தாட்ட முகாம் எண்டு நம்பி 18,500 ரூபா போச்சு. பெற்றோர் கவனம்!

அஞ்சு நாள் முகாம் எண்டு போன என்ர மகன் மூண்டாம் நாள் ராத்திரியே பஸ்ஸில வந்து பரந்தன் சந்தியில இறங்கினவன். இண்டைக்கு ஒம்பதாவது நாள். கட்டின 18,500 ரூபாயில ஒரு சதம் திரும்பி வரேல்லை. இன்னொரு தாய் ஏமாறக்கூடாது எண்டுதான் எழுதுறன்.

மகனுக்குப் பதினைஞ்சு வயசு. பள்ளிக்கூட ரீமில கோல் கீப்பர். எங்கட பக்கத்துக் கிரவுண்டுகள் வெயில் காலத்தில புல்லுக் கருகி வெறும் கிறவலும் மணலும்தான். பாய்ஞ்சு விழுந்தால் தோல் உரிஞ்சு வரும். முழங்கையை ஊண்டாமல் தொடை, இடுப்பு, தோள் எண்டு பக்கவாட்டில உருண்டு விழவேணும் எண்டு பள்ளிக்கூட சேர் சொல்லிக் குடுத்தவர்தான். ஆனால் அந்தக் கிறவலில எந்தப் பிள்ளை துணிஞ்சு பழகும்? காயத்துக்குப் பயந்து இவன் பாயிறதையே குறைச்சுப் போட்டான்.

அந்த நேரம்தான் பேஸ்புக்கில விளம்பரம் பாத்தனான். ஓகஸ்ட் விடுமுறையில, தெற்கில ஒரு பல்கலைக்கழக மைதானத்தில, தங்கி நிண்டு பழகிற முகாம். நடத்துறது ஒரு தனியார் பயிற்சி நிறுவனம். பல்கலைக்கழக விடுதி, மூண்டு நேரச் சாப்பாடு, சான்றிதழ், ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின்ர லைசென்ஸ் எடுத்த கோச்மார், தமிழில விளங்கப்படுத்த ஆள், எல்லாம் போட்டிருந்தது. பல்கலைக்கழகத்தின்ர இலச்சினையும் பெரிசா இருந்தது.

நான் உடன காசு போடேல்லை. போன் எடுத்துக் கதைச்சனான். தமிழ்ப் பெடியன் ஒருத்தன்தான் கதைச்சவன். "அக்கா, தம்பி எந்த இடத்தில விளையாடுறவர்?" எண்டு கேட்டான். கீப்பர் எண்டன். "கிளிநொச்சிப் பக்கமெண்டால் கிறவல் கிரவுண்ட் தானே அக்கா. பாவம், முழங்கை எல்லாம் புண்ணா இருக்கும். இஞ்ச நல்ல புல்லு. பயமில்லாமல் பாயலாம். கீப்பர்மாருக்கெண்டே தனிக் கோச் வாறார்" எண்டான். என்ர பிள்ளையின்ர முழங்கையைப் பாத்தவன் மாதிரிச் சொன்னான். அந்த ஒரு கதையிலதான் நான் விழுந்தது. சீட்டு எடுத்து, கூரைத் தகரம் மாத்த வைச்சிருந்த காசு. அடுத்த நாளே வங்கியில போய் 18,500 ரூபாயைப் போட்டன். கணக்கு நிறுவனத்தின்ர பேரில இல்லை, ஒரு தனி ஆளின்ர பேரில இருந்தது. கேட்டன். "அது எங்கட கணக்காளர் அக்கா" எண்டான். நானும் விட்டிட்டன். அதை நினைச்சால் இப்பவும் நெஞ்சு எரியுது.

மகன் புதுக் கிளவுஸோட போனவன். முறிகண்டியில பஸ் நிண்டு வெளிக்கிட்டதும் "பிள்ளையாருக்கு உண்டியல் போட்டிட்டன் அம்மா" எண்டு போன் எடுத்துச் சொன்னவன்.

அங்க விடுதி இல்லை. வெளியில ஒரு மண்டபத்தில பாய் விரிச்சுப் படுக்க விட்டிருக்கினம். இரவில பொறுப்பா ஒரு பெரிய ஆள் இல்லை. நூறுக்கு மேல பிள்ளையள், ரெண்டே ரெண்டு கோச், எட்டுப் பந்து. அதிலயும் பாதி 4ஆம் நம்பர்ப் பந்தாம். அது பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள சின்னப் பிள்ளையள் விளையாடுறது, இவையளுக்கு 5ஆம் நம்பர் வேணும். தமிழ் தெரிஞ்ச ஆள் வரவே இல்லை. பக்கத்தில நிண்ட ஒரு சிங்களப் பெடியன்தான் சைகை காட்டி உதவி செய்தவனாம், அந்தப் பிள்ளை நல்லா இருக்கவேணும். கீப்பர்மாருக்குத் தனிக் கோச் இல்லை. கோலுக்குப் பின்னால நிண்டு மற்றவையளுக்குப் பந்து பொறுக்கிக் குடுக்கிறதுதான் என்ர மகனுக்குக் கிடைச்ச பயிற்சி. அந்தப் புல்லில அவன் ஒருக்காக்கூடப் பாயேல்லை.

மூண்டாம் நாள் கேற்றில உள்ள விடேல்லை. பிறகு நான் பல்கலைக்கழகத்துக்கே போன் எடுத்துக் கேட்டன். மரியாதையாத்தான் கதைச்சினம். மைதானத்தை ரெண்டு பின்னேரத்துக்கு மட்டும் வாடகைக்குக் குடுத்ததாம். முகாமுக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையாம்.

காசைத் திருப்பிக் கேட்டால் முதல்ல "திங்கட்கிழமை போடுறம் அக்கா." திங்கள் கேட்டால் "சேர் மீற்றிங்கில." பிறகு "ரெண்டு நாள் நடந்தது தானே, முழுக்காசு கேக்க ஏலாது." சரி, மூண்டு நாள் காசையாவது தாங்கோ எண்டன். அண்டையில இருந்து அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. வாட்ஸ்அப்பில பாத்திட்டுப் பேசாமல் இருந்தவன், நேற்று என்னைப் புளொக் பண்ணிப் போட்டான். 18,500 ரூபா அவைக்குச் சின்னக் காசா இருக்கலாம். என்ர வீட்டில மழைக்கு ஒழுகப்போற கூரை அது.

என்னென்ன கவனிக்கவேணும் எண்டு விவரமா எழுத நினைச்சனான், மனம் ஒரு நிலையில இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: இலச்சினையை நம்பாதேங்கோ, பல்கலைக்கழக உடற்கல்விப் பகுதிக்கு நீங்களே போன் எடுத்துக் கேளுங்கோ. தனி ஆளின்ர கணக்குக்குக் காசு போடாதேங்கோ. இரவில பிள்ளையளோட ஆர் நிப்பினம் எண்டு பேரோட எழுதி வாங்குங்கோ. ஏமாந்திட்டால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சுக் கேளுங்கோ, முறைப்பாட்டை மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கவேணும்.

இண்டைக்குக் காலமை அதே விளம்பரம் திரும்பவும் வந்திருக்கு. டிசம்பர் விடுமுறைக்காம். அதே புல்லுப் படம், வேற போன் நம்பர், 21,000 ரூபா.