ஈயத்துக்கும் தங்கத்துக்கும் ஒரே எண்: ராமேஸ்வரம் கரையில் என் மெட்டல் டிடெக்டர்

கீழக்கரையில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், நீ வச்சிருக்கிற அதே மாடல் விலை இறங்கியிருக்கு. வாங்கவா?" அவன் கேட்டது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் மெட்டல் டிடெக்டரை; கரையில் நகை தொலைத்தவர்களுக்குத் தேடிக் கொடுக்க நான் வைத்திருப்பது. போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். கருவி இப்போதுதான் சர்வீசிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள். கம்பெனி பெயரையோ சர்வீஸ் சென்டர் பெயரையோ எழுதப் போவதில்லை. ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்யும் வகை, மூன்று மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் வகை. வாங்க நினைப்பவருக்கு மற்றதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

முதலில் என் மனதை விட்டுப் போகாத குறையைச் சொல்லிவிடுகிறேன். கீழே கிடப்பது என்ன உலோகம் என்று ஊகிக்கத் திரையில் வரும் அந்த எண்.

என் கருவியில் அது 0 முதல் 99 வரை ஓடும். புதிதாக வாங்குகிற எல்லோரும் அந்த எண்ணைத்தான் நம்புகிறார்கள். விற்கிறவர்களும் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். "இந்த எண் வந்தால் தங்கம் சார்" என்று கூசாமல் சொல்கிறார்கள். அப்படி ஓர் எண் கிடையாது. கருவியின் கீழ்முனையில் இருக்கும் காயில், அதாவது கம்பிச்சுருள், மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது ஒரு சின்னக் காந்தப்புலத்தைக் கொஞ்சம் தாமதமாகத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் தாமதத்தை அளந்துதான் எண் வருகிறது. உலோகம் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, எவ்வளவு தடிமன், வளையமா கட்டியா என்பதெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கும்.

சுத்தத் தங்கம் நன்றாக மின்சாரம் கடத்தும். வெள்ளிக்கும் செம்புக்கும் அடுத்த இடம் அதற்குத்தான். நகை செய்ய வேறு உலோகம் கலந்து 22 கேரட் ஆனதும் அந்தத் திறன் வெகுவாக இறங்கிவிடும். அதுவும் இரண்டு கிராம் மெல்லிய மோதிரம் என்றால் எண் இன்னும் கீழே போகும். சரி, அந்த இடத்தில் வேறு என்னென்ன உட்கார்ந்திருக்கிறது? மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். பேன்ட் பித்தளைப் பொத்தான். நசுங்கிய பாட்டில் மூடி. பழைய பத்துப் பைசா, அந்த ஓரம் வளைந்து வளைந்து இருக்கும் அலுமினியக் காசு. எந்தக் காலத்து யாத்திரிகரோ வேண்டிக்கொண்டு கடலில் போட்டது, உப்பு அரித்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலே நம் கரைக்கென்றே ஒன்று உண்டு: வலையில் கோக்கும் ஈயக்குண்டு.

ஈயம் மின்சாரத்தைச் சுமாராகத்தான் கடத்தும். ஆனால் கட்டியாக இருப்பதால் எண் மேலே ஏறும். தங்க மோதிரம் மெலிதாக இருப்பதால் எண் கீழே இறங்கும். இரண்டும் நடுவில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. சத்தமும் அதே சத்தம்: மெதுவாக எழும்பி, உருண்டையாக, இரண்டு பக்கம் வீசினாலும் மாறாமல் வரும். ஹெட்போனில் அதைக் கேட்டதும் நெஞ்சு ஒரு துடிப்பு கூடுதலாக அடிக்கும். குனிந்து தோண்டினால் ஈயம். பாம்பனிலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் தலைமுறை தலைமுறையாக வலை இழுத்த கரை இது. அறுந்த வலையிலிருந்து உதிர்ந்த ஈயம் மண்ணுக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் பீர் டின்னின் வளையத்தைப் பற்றிப் புலம்புவார்கள். நம் ஊரில் அந்த இடம் ஈயத்துக்கு. ஈயத்தின் எண்ணுக்குச் சத்தம் போடாமல் ஒதுக்கும்படி கருவியில் அமைத்தால் அதோடு மோதிரமும் ஒதுங்கிவிடும். அப்படி ஒதுக்கிவிட்டு மோதிரம் தேடுவது, தேடாமல் இருப்பதற்குச் சமம்.

இந்தக் குறை என் கருவிக்கு மட்டும் உரியதல்ல, இயற்பியலில் இருக்கிறது. அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் "தங்கத்தை மட்டும் காட்டும்" என்று விளம்பரம் செய்வதற்கு விற்கிறவன் பொறுப்பு. அதைவிட மோசம், ஆன்டெனா மாதிரி இரண்டு கம்பியை வைத்துக்கொண்டு அரை கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று விற்கும் கூட்டம். அந்தக் கருவிகளில் காயிலே கிடையாது. ஒருவரும் ஏமாற வேண்டாம்.

அப்புறம், இந்தக் கருவியை எதற்காக இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன் என்றால், அக்னி தீர்த்தம்: ராமேஸ்வரம் கோயிலுக்கு முன்னால் யாத்திரிகர்கள் நீராடும் கடல்.

அங்கே மோதிரம் தொலைகிற விதம் எனக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டது. திதி கொடுக்க வருகிறவர்கள் மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம் போடுவார்கள். தங்க மோதிரமும் அதே விரலில்தான் இருக்கும். எள்ளும் தண்ணீரும் விட்டு விட்டு விரல் ஊறி வழுக்கும். காரியம் முடிந்து பவித்திரத்தை உருவும்போது மோதிரமும் கூடவே வந்துவிடும். பலருக்கு அந்த நிமிடம் தெரியாது. பிண்டத்தைக் கரைத்து, முங்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, லாட்ஜுக்குப் போய்த் துவட்டும்போதுதான் விரல் வெறுமையாக இருப்பது தெரியும். லாட்ஜ் பையன்களோ ஆட்டோ ஓட்டுகிற தம்பிகளோ எனக்குப் போன் செய்வார்கள். நான் முதலில் கேட்பது "எங்கே குளிச்சீங்க" என்பதல்ல. "எங்கே உட்கார்ந்து தர்ப்பணம் பண்ணினீங்க, பவித்திரத்தை எங்கே போட்டீங்க" என்பதுதான். பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.

இந்த இடத்தில் கருவியை மனதாரப் புகழ வேண்டும். இதற்கு முன் ஒரே அலைவரிசையில் ஓடும் ஒரு கருவி வைத்திருந்தேன். காய்ந்த மணலில் அருமை. ஈர மணலில் கால் வைத்ததும் கத்த ஆரம்பிக்கும். கடல் தண்ணீரே மின்சாரம் கடத்தும் என்பதால் உப்பு ஈரம் முழுவதும் அதற்கு ஓர் உலோகத் தகடாகத் தெரியும். உணர்திறனைக் குறைத்து அமைதிப்படுத்தினால் மெல்லிய மோதிரமும் சேர்ந்து மறைந்துவிடும். பல அலைவரிசைக் கருவி ஒரு அலைவரிசைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, உப்பின் பங்கைக் கழித்துவிடுகிறது. முழங்கால் தண்ணீரில் காயிலை முக்கி வீசும்போதும் அமைதியாக இருக்கிறது. ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் மோதிரத்தைத் தெளிவாகச் சொல்கிறது. வெள்ளி மோதிரம் என்றால் கேட்கவே வேண்டாம், எண்ணும் மேலே போகும், சத்தமும் மணி அடித்த மாதிரி கேட்கும்.

கடலும் இதற்கு ஒத்துழைக்கும் கடல். வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆடி மாதத்தில் சோழகம் என்னும் தென்காற்று அடித்து ஆண்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது, பெண்கடல் பக்கம் இருக்கும் அக்னி தீர்த்தம் குளம் போல் கிடக்கும். அங்கே விழுந்த மோதிரம் விழுந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. தங்கம் கனமானது, மணலுக்குள் நேராக இறங்கும். அதனால் அன்றே தேடினால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. நாள் போகப் போக மணல் மூடி ஆழம் கூடும். பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் அவ்வப்போது கடல் உள்வாங்கிப் படகுகள் தரைதட்டி நிற்குமே, பேப்பரில் படத்துடன் வரும். மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். எனக்கு அது தேடுவதற்குக் கிடைத்த நேரம். மாறாக தனுஷ்கோடியைத் தாண்டித் தீவு முடியும் அரிச்சல்முனையில் தென்பக்க அலையில் விழுந்தது என்றால் நான் வாக்குக் கொடுப்பதில்லை. அங்கே இறங்கித் தேடுவது ஆபத்தும்கூட. தனுஷ்கோடியில் 1964 புயலில் போனவற்றின் இரும்பு மிச்சம் மண்ணுக்குள் சிதறிக் கிடப்பதால் கருவி ஓயாமல் உறுமும்.

சங்கிலி தொலைத்தவர்களுக்கு ஓர் உண்மை சொல்ல வேண்டும், இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. மெல்லிய தங்கச் சங்கிலியைக் கருவி சங்கிலியாகப் பார்க்காது. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனிப் பொடியாகத்தான் பார்க்கும். கனமான சங்கிலிகூட ஒரு சின்ன மோதிரத்தை விட மெதுவாகக் கேட்கலாம். தாலிக்கொடி என்றால் கோத்திருக்கும் திருமாங்கல்யமும் குண்டுமணியும்தான் காப்பாற்ற வேண்டும். அரியமான் கடற்கரையில் ஒரு பெண் தொலைத்த டாலர் இல்லாத மெல்லிய செயினை இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அறுந்த மோதிரத்துக்கும் இதே கதி. வளையம் மூடியிருந்தால்தான் மின்னோட்டம் நன்றாகச் சுழலும். வெட்டுப்பட்டால் எண் சடாரென்று இறங்கிவிடும்.

கிடைத்ததும் உடனே நீட்டுவதில்லை. உள்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பேன். பெயர், தேதி, எந்த ஊர்க் கடை முத்திரை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு கடையில் வாங்கிய நகை என்றால் 916 முத்திரையுடன் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் பெரும்பாலும் இருக்கும், பில்லோடு ஒப்பிட்டுவிடலாம். யாருடையது என்று தெரியாமல் கிடைத்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பழைய காசு, பானைப் பக்கமே போகக் கூடாது. அழகன்குளத்திலும் பெரியபட்டினத்திலும் அகழாய்வு நடந்த மாவட்டம் இது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த மதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. அங்கே கருவியோடு இறங்கவே கூடாது.

போலீஸ் கேள்வியும் வரும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. 2023 பிப்ரவரியில் மண்டபம் பக்கம் கடலில் வீசிய கடத்தல் தங்கத்தை, பதினேழு கிலோவுக்கு மேல், முக்குளித்து எடுத்த கரை இது. இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கடலோரம் நடக்கிறவனைக் கேட்காமல் விட்டால்தான் தப்பு. நான் பகலில் மட்டும் போகிறேன், தொலைத்தவரையும் கூடவே நிற்க வைக்கிறேன்.

இப்போது அந்த ரிப்பேர். சார்ஜ் ஏற்றும் முனையில் உப்பு பூத்து, தொடர்பு விட்டுப்போனது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துத்தான் வைக்கிறேன். கடலுக்குள் இறங்கும் என்று சொல்லி விற்கும் கருவியின் சார்ஜ் முனையைத் திறந்த உலோகமாக வைத்தது வடிவமைப்பின் குறை, பயன்படுத்துகிறவனின் குறை அல்ல. அனுப்பினேன். "பார்ட்ஸ் வரணும்" என்றார்கள். அதே பதிலை வாரக்கணக்கில் சொன்னார்கள். அதற்குள் ஆடி அமாவாசை வந்துவிட்டது. வருடத்தில் கூட்டம் பொங்கி வழியும் நாட்களில் ஒன்று. போன் வந்துகொண்டே இருந்தது. கணவருக்குத் திதி கொடுக்க வந்த ஓர் அம்மா, அவர் போட்டிருந்த மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக்கொண்டு வந்து தொலைத்திருக்கிறார்கள். "தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றார்கள். கையால் துழாவித் தேடினேன், லாட்ஜ் பையன்களும் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவர்கள் சாயங்கால ரயிலில் போய்விட்டார்கள். கருவி திரும்பி வந்ததும் நான் முதலில் போனது அந்த இடத்துக்குத்தான். இத்தனை நாளில் எத்தனை ஆயிரம் கால்கள் மிதித்த மணல். ஈயம் கிடைத்தது, இரண்டு ஐந்து ரூபாய்க் காசு கிடைத்தது. அந்தச் சர்வீஸ்காரர்கள் பில்லில் எனக்குத் தள்ளுபடி போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை.

நியாயத்துக்கு இதையும் எழுதுகிறேன். நான் சலித்துக்கொள்ளும் அந்த ஈயம் வீணாவதில்லை. ஒரு டப்பாவில் சேர்த்து பாம்பனில் வலை கட்டும் ஒரு பெரியவரிடம் கொடுக்கிறேன். அவர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஓட்டை அடையாததை வலையில் கோத்துவிடுவார், நசுங்கியதை உருக்க எடுத்து வைப்பார். சிலவற்றைப் பார்த்து, இது இப்போது யாரும் வார்க்காத அச்சு என்று சொல்வார். வாங்கும்போது நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இது. ஆமைகளும் மீன்களும் மேயும் கடலிலிருந்து கொஞ்சம் ஈயம் வெளியே வருவதும் நல்லதுதான்.

ஆக, உப்பு ஈரத்தில் இதன் வேலைக்குக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த அளவில் இந்த விலையில் இதைவிட நல்லது இல்லை. ஆனாலும் மச்சான், வாங்காதே. விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதே. அமாவாசைக்கு முன்னால் பழுதானால் அமாவாசைக்குள் திருப்பித் தர ஆள் இல்லாத கருவியை நம்பி, அழுதுகொண்டு நிற்கிறவர்களிடம் "வர்றேன்" என்று சொல்ல முடியாது. மதுரையிலாவது பார்ட்ஸ் வைத்துப் பழுது பார்க்க ஒருவர் வரட்டும், அப்போது நானே உனக்குச் சொல்கிறேன்.

அதற்குள் பொறுக்காது என்றால் மகாளய அமாவாசைக்கு மறுநாள் விடிகாலையில் வந்துவிடு. என் கருவியைத் தருகிறேன். ராமநாதபுரத்து வெல்டிங் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில் செய்த தோண்டும் கரண்டியும் இருக்கிறது. திரையில் அந்த எண்ணை மறைக்க ஒரு துண்டு டேப் ஒட்டித் தருவேன். காதால் மட்டும் தேடு. சத்தம் வந்ததையெல்லாம் தோண்டு, ஈயத்தை அந்த டப்பாவில் போடு. குழியை மூடிவிட்டு வா, காலையில் வெறுங்காலோடு குளிக்க வருகிறவர்கள் இருப்பார்கள்.