செயற்கைக்கோளை உடைப்பதா, அதன் வாயை அடைப்பதா?

எதிரியின் செயற்கைக்கோளை முடக்க ஏவுகணையா, அலைத்தடையா (அதன் வானொலித் தொடர்பை இரைச்சல் அலைகளால் குழப்புவது)?

குப்பை: 2007-இல் சீனா சுமார் 860 கி.மீ. உயரத்தில் தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தது. 3,000-க்கும் மேற்பட்ட சிதறல்கள். பல இன்னும் சுற்றுகின்றன, சொந்தக் கோள்களுக்கும் ஆபத்தாக. 2019-இல் இந்தியா தன் கோள் ஒன்றை சுமார் 300 கி.மீ. உயரத்திலேயே உடைத்ததால் சிதறல்களில் பெரும்பாலானவை விரைவில் காற்றுமண்டலத்தில் விழுந்து எரிந்துபோயின. அலைத்தடையில் ஒரு துண்டும் சிதறாது.

மீட்பு: உடைந்தது உடைந்ததுதான். அலைத்தடையை நிறுத்தினால் கோள் மறுபடி பேசும்.

அடையாளம்: ஏவுகணையை உலகமே பார்க்கும். தடை எழுப்பியவரைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

ஆக, வலிமையைக் காட்டி மிரட்ட ஏவுகணை. போரில் உண்மையாகவே பயன்படுத்த அலைத்தடை. 2022-இல் அமெரிக்கா, கோள்களை உடைக்கும் ஏவுகணைச் சோதனைகளை இனி நடத்துவதில்லை என்று அறிவித்தது. அதற்கு முன்பே, 2008-இல், ஒன்றை உடைத்துக் காட்டிவிட்டது என்பது வேறு விஷயம்.